அவிலா தெரேசாவும் அவருடைய நண்பரும்

மடத்துச் சிற்றாலயத்தில் ஒரு கன்னியர் முழந்தாளிட்டிருக்கிறார். செபத்துக்கென்று ஒதுக்கிய ஒரு மணி நேரம் நகர மாட்டேன் என்கிறது. மனம் ஊரெல்லாம் சுற்றுகிறது. காது கடிகாரத்தின் பக்கமே இருக்கிறது: மணி எப்போது அடிக்கும், எப்போது எழுந்து போகலாம்? செபக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கும்போதே துக்கம் வந்து கவ்விக்கொள்ளும் என்றும், இதற்குப் பதில் எவ்வளவு கடுமையான தவத்தைக் கொடுத்திருந்தாலும் மகிழ்ச்சியோடு செய்திருப்பேன் என்றும் பின்னாளில் அவரே எழுதிவைத்தார். ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் போயிற்று.

அந்தக் கன்னியர்தான் ஸ்பெயின் நாட்டு அவிலா நகரின் புனித தெரேசா. 1970-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். செபத்தைப் பற்றி அவர் எழுதியவற்றுக்காகவே அந்தப் பெருமை கிடைத்தது.

நம் ஊரில் தெரேசா என்றதும் கொல்கத்தா அன்னை நினைவுக்கு வருவார். பங்குக் கோவில்களுக்குப் பழகியவர்களுக்குச் சிலுவையும் ரோஜாவும் ஏந்தி நிற்கும் சிறுமலர் தெரேசா. நான் சொல்லும் தெரேசா இவர்களுக்கெல்லாம் மூத்தவர், 16-ஆம் நூற்றாண்டுக்காரர். கார்மேல் சபையை அவர் சீர்திருத்தி நடத்திய வழியில்தான் சிறுமலர் தெரேசாவும் பிற்பாடு வாழ்ந்தார். கொல்கத்தா அன்னை அந்தச் சிறுமலரின் பெயரைத்தான் தனக்கு வைத்துக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் நான். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், செபம் பண்ணும்போது எனக்கு ஒண்ணுமே தோணல. பக்கத்துல இருக்குறவங்க அழுவுறாங்க. நான் கெட்ட பிள்ளையா?" அவளுக்கு நான் தெரேசாவின் கதையைச் சொன்னேன். இங்கே எழுதுவதும் அந்தக் கதைதான், கொஞ்சம் விரிவாக.

தெரேசா 1515-ல் பிறந்தார். அம்மா படிப்பதைப் பார்த்து வீர சாகசக் கதைகளைத் தானும் விழுந்து விழுந்து படித்தவர். அழகி, பேச்சுக்காரி, யாருக்கும் பிடித்துப்போகும் சுபாவம். தந்தையின் தந்தை யூத மரபிலிருந்து கிறிஸ்தவரானவர். அந்தக் காலத்து ஸ்பெயினில் அது வெளியே சொல்லக் கூசவேண்டிய சங்கதி. இருபது வயதில் தந்தையின் விருப்பத்தை மீறி அவிலாவின் மனித அவதார மடத்தில் சேர்ந்தார். ஏன் சேர்ந்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. கடவுள்மேல் இருந்த அன்பைவிட நரகத்தின் மேல் இருந்த பயம்தான் தன்னை உந்தியது என்கிறார். இந்தப் பெண்ணின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள இதைப் பிடித்துக்கொண்டால் போதும். பயத்தில் தொடங்கிய வாழ்க்கை அன்பில் போய்ச் சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

மடத்துக்கு வந்த சில ஆண்டுகளில் உடம்பு படுத்துவிட்டது. நாட்டு வைத்தியம் பார்க்கப்போய் நோய் முற்றியது. 1539 ஆகஸ்டில் நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தார். மடத்தில் குழியே தோண்டிவிட்டார்கள். கண் விழித்தபோது இமைகளின் மேல் மெழுகு ஒட்டியிருந்தது, நாக்கு கடிபட்டுக் கிழிந்திருந்தது. உடம்பில் எங்கே தொட்டாலும் வலி. ஒரு விரிப்பில் கிடத்தி, முனைகளைப் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்தினார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முடக்கம். கையும் காலும் ஊன்றித் தவழ முடிந்த நாளில் கடவுளுக்கு நன்றி சொன்னாராம்.

இத்தனை துன்பத்துக்குப் பிறகு ஆள் புடம்போட்ட பொன்னாக எழுந்தார் என்று எழுதத் தோன்றும். நடந்தது வேறு. நடமாட்டம் வந்ததும் மடத்தின் பார்வையாளர் கூடம் அவரை இழுத்துக்கொண்டது. அந்த மடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கன்னியர். வசதியான வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகள் உண்டு. வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் தடை இல்லை. பேச்சுச் சாமர்த்தியம் உள்ள தெரேசாவைத் தேடி ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். கடவுளிடம் போனால் உலகம் இழுக்கிறது, உலகத்தோடு இருந்தால் கடவுளின் நினைவு உறுத்துகிறது. இரண்டிலும் நிம்மதி இல்லை. இப்படிப்பட்ட நான் எந்த முகத்தோடு அவர் முன் போய் உட்காருவது என்று மனச்செபத்தையே ஓராண்டுக்கு மேல் நிறுத்திவிட்டார். பார்ப்பதற்கு இது தாழ்ச்சி போலத் தெரியும். தன்னிடம் சாத்தான் ஆடிய மிகப் பெரிய வஞ்சனை அதுதான் என்று பிற்காலத்தில் எச்சரித்தார். தகுதி வந்த பிறகு போகிறேன் என்று ஒதுங்கி நிற்பவர்களை நான் ஒவ்வொரு பங்கிலும் பார்க்கிறேன். அவர்களுக்கெல்லாம் இந்தப் பக்கங்களை வாசித்துக்காட்ட ஆசை.

தந்தையின் மரணத்துக்குப் பின், அவருடைய ஆன்ம குருவாக இருந்த ஒரு தொமினிக்கன் துறவியின் சொல்லைக் கேட்டு மறுபடியும் செபிக்கத் தொடங்கினார். வறட்சி நீங்கவில்லை. கையில் புத்தகம் இல்லாமல் செபத்தில் உட்காரவே பயம். புத்தகத்தைத் திறக்காவிட்டாலும், கேடயம்போல அது பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

1554-ல் அவருக்கு 39 வயது. ஏதோ ஒரு திருவிழாவுக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த சுரூபம் ஒன்று மடத்தின் செபக்கூடத்தில் இருந்தது. உடம்பெல்லாம் காயங்களோடு நிற்கும் இயேசு. எத்தனையோ முறை அப்படிப்பட்ட உருவங்களைக் கடந்து போனவர்தான். அன்றைக்கு அந்தக் காயங்களைப் பார்த்ததும், இவ்வளவு அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன் என்ற நினைப்பு நெஞ்சைப் பிளந்தது. அப்படியே விழுந்து அழுதார். நீர் எனக்குப் பலம் தரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னார். அதுவரை தன் முயற்சியை நம்பியவர் அன்றைக்கு அதைக் கைவிட்டு அவர்மேல் சாய்ந்தார். அன்றிலிருந்து தான் தேறியதாக எழுதுகிறார்.

அந்த ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டு கதையை முடித்துவிடக் கூடாது. அதற்கு முன்னால் ஒரு பழக்கம் இருந்தது. மடத்தில் சேர்வதற்கு முன்பிருந்தே, பெரும்பாலான இரவுகளில் தூங்கப்போகும் முன் கெத்சமனி தோட்டத்து இயேசுவைக் கொஞ்ச நேரம் நினைத்துக்கொள்வார். சீடர்கள் தூங்கிவிட்டார்கள், அவர் தனியாக வியர்த்து வேதனைப்படுகிறார். அந்த வியர்வையைத் துடைத்துவிட வேண்டும்போல் இருக்கும். தன் குற்றங்களை நினைத்து, கிட்டே போகத் துணிவு வராது. சும்மா பக்கத்தில் இருப்பார். தனியாக இருக்கிறவர், வருத்தத்தில் இருக்கிறவர், என்னைப்போன்ற ஆளைக்கூட விரட்ட மாட்டார் என்பது அவருடைய கணக்கு. சுரூபத்தின் முன் அழுகையாக வெடித்த அந்த உறவு இத்தனை ஆண்டு இரவுகளில் ஊறி வந்ததுதான்.

தெரேசாவுக்குச் செபம் என்பது இதுதான்: நம்மை நேசிக்கிறார் என்று நமக்குத் தெரிந்த ஒருவரோடு அடிக்கடி தனித்திருந்து நட்பாகப் பேசிக்கொண்டிருப்பது. கண்ணை மூடினால் அவருக்கு எந்தக் காட்சியும் தெரியாது. கற்பனை செய்ய வராது என்று அவரே சொல்லியிருக்கிறார். இருட்டறையில் ஒருவரோடு பேசுவது மாதிரி, ஆள் இருப்பது தெரியும், முகம் தெரியாது. அதனால்தான் இயேசுவின் படங்கள்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். என் மறைக்கல்வி மாணவி ஒன்றுமே தோன்றவில்லை என்றாளே, அவளுக்கு இந்த இடத்தைத்தான் எடுத்துக்காட்டினேன். பெரிய புனிதைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் எதிரில் ஆள் இருந்தார்.

செபத்தில் ஓரளவு முன்னேறியவர்கள் இயேசுவின் மனித உருவத்தை எல்லாம் விட்டுவிட்டு, உருவமற்ற கடவுள் நினைவில் மட்டும் ஆழவேண்டும் என்று அன்றைய சில நூல்கள் சொல்லின. தெரேசாவும் கொஞ்ச காலம் அப்படி முயன்றார், பிறகு அதை நினைத்து நினைத்து வருந்தினார். படித்தவர்கள் சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. நாம் தேவதூதர்கள் இல்லை, உடம்பு உள்ளவர்கள். களைத்துப்போனால் களைத்த இயேசு வேண்டும், ஊர் ஏசினால் ஏசப்பட்ட இயேசு வேண்டும். எவ்வளவு உயரம் போனாலும் அந்த நண்பரைத் தாண்டிப் போக வேண்டிய இடம் ஒன்று கிடையாது. முதிர்ச்சி என்பதைப் பற்றி அவர் சொன்னதிலேயே ஆணிவேர் இது என்பது என் எண்ணம்.

வளர்ச்சி எப்படி நடக்கிறது என்று விளக்க அவர் ஒரு தோட்டத்தைக் காட்டுகிறார். நிலம் ஆண்டவருடையது, களை பிடுங்கி நல்ல செடிகளை நட்டவரும் அவர்தான். தண்ணீர் பாய்ச்சுவது நம் வேலை. அது நான்கு விதமாக நடக்கும். முதலாவது, கிணற்றில் வாளி விட்டுக் கையால் இறைப்பது. இரண்டாவது, கலயங்கள் கட்டிய சக்கரத்தைச் சுற்றி இறைப்பது. பாடு குறைவு, தண்ணீர் அதிகம். மூன்றாவது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ தண்ணீர் பாய்வது. நான்காவது மழை. மழைக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

நான் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பா கமலை ஓட்டியதைப் பார்த்து வளர்ந்தவள். மாடுகள் சரிவில் இறங்க, வடமும் வால்கயிறும் இழுபட, சால் நிறைந்து மேலே வந்து தொட்டியில் கொட்டும். கோடையில் ஊற்று சுரக்காவிட்டால் பாதிச் சால் சேறாக வரும். அப்படியும் அப்பா விடியுமுன் மாட்டைக் கட்டுவார். தெரேசா அந்த முதல் தண்ணீரைப் பற்றி எழுதும்போது ஒரு கேள்வி கேட்கிறார்: கிணறு வறண்டு கிடக்கிறது, வாளியை இறக்கினால் ஒன்றும் வரவில்லை, தோட்டக்காரன் என்ன செய்வான்? சந்தோஷப்படுவான் என்கிறார் அவர். அவன் இறைப்பது தன் திருப்திக்காக இல்லையே, தோட்டத்துச் சொந்தக்காரருக்காகத்தானே. தான் வந்து நின்றதை அவர் பார்க்கிறார் என்பது போதும். செபத்தில் உருக்கம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்று நினைக்கிற நமக்கு இந்தப் பதில் எவ்வளவு பெரிய விடுதலை! வறட்சியான செபம் தோற்றுப்போன செபம் இல்லை. கிடைப்பதற்காக வருகிறவன், அவருக்காகவே வருகிறவனாக மாறுவது பெரும்பாலும் அந்த வறட்சியில்தான்.

இந்தத் தோட்டம் அவருடைய தன்வரலாற்றில் வருகிறது. அந்தக் கையெழுத்துப் பிரதி 1575-ல் சமய விசாரணை மன்றத்தின் கைக்குப் போய்விட்டது. அவர் உயிரோடிருந்தவரை திரும்பி வரவில்லை. செபத்தைப் பற்றி இன்னொரு நூல் எழுதும்படி அவருடைய பெரியவர்கள் கேட்டார்கள். 1577 ஜூனில், 62-ஆம் வயதில், தலைக்குள் ஆறுகள் இரைவது போலவும் குருவிகள் கத்துவது போலவும் ஓயாத சத்தத்தோடு எழுதத் தொடங்கி நவம்பரில் முடித்தார். அதுதான் 'அகக் கோட்டை'. ஆன்மா ஏழு உறைவிடங்கள் உள்ள ஒரு கோட்டை; நடுவறையில் அரசர் இருக்கிறார்; நுழைவாசல் செபம். பெரும்பாலோர் மதிலுக்கு வெளியே காவலர் நிற்கும் இடத்திலேயே காலம் தள்ளிவிடுகிறார்கள் என்கிறார்.

ஏழையும் இங்கே சொல்லிக்கொண்டிருக்கப் போவதில்லை. நம்மைப்போன்ற கோவில் ஆட்கள் படிக்கவேண்டியது மூன்றாவது உறைவிடம். அங்கே இருப்பவர்கள் ஒழுங்கானவர்கள். பூசை தவறாது, நோன்பு தவறாது, பேச்சில் கண்ணியம், குடும்பம் சீர். ஆனால் ஒரு சின்ன இழப்பு வந்தால் ஆடிப்போகிறார்கள். தெரேசா ஓர் உதாரணம் தருகிறார்: பிள்ளையோ வாரிசோ இல்லாத பணக்காரர் ஒருவர், சொத்தில் கொஞ்சம் போய்விட்டது, மிச்சம் இருப்பதே தேவைக்கு மேல், அப்படியும் நாளைக்குச் சோறில்லை என்பதுபோல் தவிக்கிறார். இவர் எப்படி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவார்? நல்லவர்களாக இருப்பதிலேயே நின்றுவிட்டவர்கள் என்று இவர்களைப் பற்றி நான் புரிந்துகொண்டேன். தெரேசா இவர்களைத் திட்டுவதில்லை. இவர்களுக்கு எல்லாமே அளவோடு இருக்கிறது, அன்பு இன்னும் அளவை மீறவில்லை, அவ்வளவுதான் என்கிற மாதிரி எழுதுகிறார்.

காட்சிகளும் பரவசங்களும் அவருக்கு வந்தது உண்மை. ரோமில் பெர்னினி செதுக்கிய சிலை அவற்றில் ஒன்றை உலகெங்கும் பிரபலமாக்கிவிட்டது. ஆனால் வளர்ச்சியை அளக்க அவர் கையில் எடுத்த கோல் வேறு. கடவுளை நேசிக்கிறோமா என்பதை நாம் நிச்சயமாக அறிய முடியாது, பக்கத்தில் இருப்பவரை நேசிக்கிறோமா என்பது தெரிந்துவிடும் என்று ஐந்தாவது உறைவிடத்தில் எழுதுகிறார். பக்தி கலைந்துவிடுமோ என்று அசையாமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கும் சகோதரிகளைப் பார்த்து அவருக்கு ஆற்றாமை. நோயாளிக்கு உதவி தேவையா, அந்த பக்தியை விட்டுவிட்டு எழுந்து போ. அவள் வலி உன் வலியாகட்டும். தேவைப்பட்டால் நீ பட்டினி கிடந்து அவளுக்குக் கொடு. இவ்வளவு நேராகச் சொல்லிவிட்டார்.

எங்கள் பங்கில் ஒரு தங்கை இருக்கிறாள். தினம் காலைப் பூசைக்கு முதல் ஆளாக வந்தவள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்த பிறகு கோவிலில் அவளைக் காண்பதே அரிது. வீட்டுக்குப் போனேன். மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, "ஆண்டவரை விட்டு ரொம்பத் தூரம் போயிட்டேன்க்கா" என்று கண்கலங்கினாள். கிழவியம்மா பேச முடியாமல் அவள் முந்தானையைப் பிடித்தபடி கிடந்தார். "நீ எங்கேயும் போகலம்மா" என்றேன். தெரேசாவின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், முன்வரிசையில் முழந்தாளிட்ட நாட்களைவிட இப்போதுதான் அவள் உள்ளறைக்கு அருகில் இருக்கிறாள். சமையல்கட்டில் பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உங்களுக்குத் துணையாக இருக்கிறார் என்று தெரேசா தம் சகோதரிகளுக்கு எழுதியதை அன்றைக்கு அவளிடம் சொன்னேன்.

தெரேசா தாமும் அப்படித்தான் நடந்தார் என்பதற்கு 1571-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதற்குள் அவர் சீர்திருத்த மடங்களை நிறுவிப் பெயர் பெற்றிருந்தார். மேலிடம் அவரை, முதலில் சேர்ந்த மனித அவதார மடத்துக்கே தலைவியாக அனுப்பியது. அங்கிருந்தவர்களைக் கேட்காமல் திணித்த தலைவி. வாசலிலேயே கூச்சல், தள்ளுமுள்ளு. எங்களைக் கசக்கிப் பிழியப் போகிறாள் என்ற கோபத்தோடும் பயத்தோடும் கன்னியர் கூட்டத்துக்கு வந்து பார்த்தால், தலைவியின் இருக்கையில் மாதாவின் சுரூபம் இருக்கிறது; அதன் கையில் மடத்துச் சாவிகள். தெரேசா அதன் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே தலைவி இவர்தான் என்றார். நானும் இந்த வீட்டுப் பெண்தான், உங்களுக்குப் பணிவிடை செய்ய வந்திருக்கிறேன் என்று பேசினார். மடத்தில் அப்போது சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அவர் முதலில் கவனித்தது அந்தப் பசியைத்தான். எந்தக் கூடத்தில் அரட்டையில் காலத்தைக் கழித்தாரோ, அதே மடத்தில் எதிர்த்தவர்களின் மனத்தை மூன்று ஆண்டுகளில் வென்றார்.

ஏழாவது உறைவிடத்துக்கு வந்தவர்கள் எப்படி இருப்பார்கள்? உலகத்தை மறந்து மேலே பார்த்துக்கொண்டு இருப்பார்கள் என்று எதிர்பார்த்து அந்த அதிகாரத்தைத் திறந்தால், வேலை, வேலை என்கிறார் தெரேசா. இந்த நட்பெல்லாம் நற்செயல்கள் பிறப்பதற்காகத்தான். காலடியில் உட்கார்ந்த மரியாவும் அடுப்படியில் இருந்த மார்த்தாவும் சேர்ந்தால்தான் ஆண்டவருக்கு விருந்து. அவருடைய வாழ்க்கையே அதற்குச் சாட்சி: 17 மடங்கள், நானூறுக்கு மேல் இன்றும் எஞ்சியிருக்கும் கடிதங்கள், கோவேறு கழுதை வண்டிகளில் ஸ்பெயின் முழுக்கப் பயணம். மெதினா தெல் காம்போ ஊருக்கு நள்ளிரவில் போய் இறங்கியபோது, மறுநாள் காளை விளையாட்டுக்காகக் காளைகளை ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்குத் தப்பி நடந்துபோனால், மடமாக வேண்டிய வீடு இடிந்த சுவர்களோடு நின்றது. விடிவதற்குள் அதைக் கூட்டித் துடைத்துப் பூசைக்குத் தயார் செய்தார்கள். 1582 அக்டோபர் 4-ஆம் தேதி ஆல்பா தே தோர்மெஸ் மடத்தில் இறந்தார், வழிப்பயணத்தில்தான். அந்த இரவோடு கிரகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்ததால் மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவர் திருநாள் அன்றுதான்.

அவரை வாசிக்க விரும்புகிறவர்கள் 'அகக் கோட்டை'யில் தொடங்க வேண்டாம், தன்வரலாற்றை எடுங்கள். 1921-ல் எடித் ஸ்டைன் என்ற யூத மெய்யியலாளர் நண்பர் வீட்டில் அதைக் கையில் எடுத்து இரவெல்லாம் படித்தார். அடுத்த ஆண்டின் முதல் நாளில் திருமுழுக்குப் பெற்றார். பிறகு கார்மேல் மடத்தில் சேர்ந்து, 1942-ல் அவுஷ்விட்சில் நாஜிகளால் கொல்லப்பட்டார். வாசிக்கவே நேரம் இல்லாதவர்கள், தெரேசா மடத்தில் சேரும் முன்பிருந்தே செய்துவந்ததைச் செய்யலாம். இன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, கெத்சமனியில் தனியாக இருக்கும் இயேசுவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருங்கள். ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை. நடுவில் வீட்டில் யாராவது மருந்துக்கோ தண்ணீருக்கோ கூப்பிட்டால் உடனே எழுந்து போய்க் கொடுங்கள். வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.